டி.எம்.சி. முதல் கடைமடை வரை: டெல்டாவில் தினமும் காதில் விழும் சில சொற்கள்

அக்கா மகள் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பொது அறிவுக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். இடது பக்கம் சொல், வலது பக்கம் பொருள். டி.எம்.சி., பசலி, ஆயக்கட்டு, ஜமாபந்தி, புவிசார் குறியீடு, தாழ்வு மண்டலம் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத சொற்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. போன வாரம் மன்னார்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "கேளுங்க மாமா" என்றாள்.

"டி.எம்.சி.ன்னா என்ன?"

"ஆயிரம் மில்லியன் கன அடி."

"சரி. அது எவ்வளவு தண்ணி?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அதான் சொன்னேனே மாமா, ஆயிரம் மில்லியன் கன அடி."

விடை சரிதான், மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் ஜூன் பிறந்தால் மேட்டூரைப் பற்றியே பேசுகிற வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு, ஒரு டி.எம்.சி. தண்ணீர் எங்கள் ஊருக்கு மட்டும் காணுமா, ஒரு தாலுகாவுக்கே காணுமா என்று சொல்லத் தெரியவில்லை. அவளைக் குறை சொல்லவில்லை. தினமும் பேப்பரில் படிக்கிற நம்மில் பலருக்கும் தெரியாது. அதனால் அன்று நோட்டை மூடி வைத்துவிட்டு வேறு வழியில் போனோம். எந்தச் சொல் வந்தாலும் அதை நம் வயலில் கொண்டுவந்து இறக்கிப் பார்ப்பது. அப்படி இறக்கிப் பார்த்த சொற்களில் சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டி.எம்.சி.யும் கன அடியும்

ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் கொண்ட ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பிடிக்கிற தண்ணீர் ஒரு கன அடி. ஏறக்குறைய 28.3 லிட்டர். தண்ணீர் கேன் ஒன்று 20 லிட்டர் என்பதால், ஒரு கேனும் இன்னொன்றில் பாதிக்குச் சற்றுக் குறைவும் என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி 100 கோடிப் பெட்டிகள் சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. ஆயிரம் மில்லியன் என்பது 100 கோடிதான்.

100 கோடி என்றாலும் மனதில் எதுவும் தோன்றாது. ஆகவே அந்தத் தண்ணீரை வயலில் பரப்பிப் பார்ப்போம். ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் ஒரு டி.எம்.சி. சுமார் 23,000 ஏக்கருக்கு வரும். ஆனால் நெல்லுக்கு ஓரடி போதாது. நாற்று விட்டதிலிருந்து அறுப்பு வரை மொத்தம் 1,200 மில்லிமீட்டர், அதாவது சுமார் நான்கு அடித் தண்ணீர் தேவை என்பது வழக்கமான கணக்கு. அப்படியென்றால் ஒரு டி.எம்.சி.யை வைத்து 5,700 ஏக்கரில் ஒரு போகம் விளைவிக்கலாம். மழை கை கொடுத்தால் இன்னும் கூடும். வாய்க்காலில் கசிந்தும் ஆவியாகியும் போவதைக் கழித்தால் குறையும். இதைச் சொன்னதும் அவள் கேட்டாள்: "அப்ப நம்ம ஊரு மாதிரி பத்துப் பதினைஞ்சு ஊருக்கு ஒரு டி.எம்.சி.யா மாமா?" கிட்டத்தட்ட அதுதான்.

அடுத்த குழப்பம் இதைவிடப் பெரியது. "மேட்டூர் அணைக்கு நீர்வரத்து 30 ஆயிரம் கன அடி" என்று தலைப்பு போடுவார்கள். அதில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கும். விநாடிக்கு 30 ஆயிரம் கன அடி என்பதே முழுத் தகவல். டி.எம்.சி. என்பது அண்டாவில் இருக்கும் தண்ணீர். விநாடிக்குக் கன அடி என்பது அந்த அண்டாவில் விழுகிற, அதிலிருந்து போகிற குழாயின் வேகம். இரண்டையும் இணைக்கிற எண் ஒன்று உண்டு. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் சரியாக ஒரு டி.எம்.சி. ஒரு நாளுக்கு 86,400 விநாடி, அதனால் பெருக்கிப் பார்த்தால் கிடைத்துவிடும். இந்த ஓர் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னேன். நினைவில் நிற்காவிட்டால் 12 ஆயிரம் என்று வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை.

இப்போது இதை மேட்டூரில் பொருத்திப் பாருங்கள். 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பாசனத்துக்கு நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி. வீதம், அதாவது விநாடிக்கு 12 ஆயிரம் கன அடி திறந்துவிட்டு, வரத்து ஒரு சொட்டும் இல்லையென்றால், நிறைந்த அணை 90 நாளில் காலி. ஜூனில் வைக்கிற குறுகிய கால நெல்லான குறுவையின் வயதோ 110 நாள். ஆக, ததும்பி நிற்கிற மேட்டூர் மட்டும் ஒரு குறுவையைக்கூடக் கரை சேர்க்காது. மேலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற மழையை நம் ஊர்ப் பெரியவர்கள் ஏன் அவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார்கள் என்பதும், உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் காவிரியில் தமிழகத்தின் பங்கை 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாக மாற்றியபோது இங்கே ஏன் அத்தனை வருத்தம் என்பதும் இந்தக் கணக்கைப் போட்டால் விளங்கும். அதில் குறைந்துபோனது 14.75 டி.எம்.சி. ஏக்கருக்கு மாற்றிப் பாருங்கள், 84 ஆயிரம் ஏக்கரின் ஒரு போகம்.

இன்னொரு அடியும் இருக்கிறது, அது வெறும் அடி. "மேட்டூர் நீர்மட்டம் 100 அடி" என்றால் உயரம். முழு உயரம் 120 அடி. 100 அடி வந்துவிட்டதே, ஆறில் ஐந்து பங்கு நிறைந்துவிட்டதே என்று தோன்றும். அப்படி இல்லை. 100 அடியில் அணையில் இருப்பது சுமார் 65 டி.எம்.சி. மேலே மிச்சமிருக்கிற 20 அடிக்குள் இன்னும் 28 டி.எம்.சி. பிடிக்கும். அணை ஒரு நேரான தொட்டி இல்லை, வாணலி மாதிரி. அடியில் ஒடுக்கம், மேலே போகப் போக விரிவு. அதனால் மேல் மட்டத்தில் ஏறுகிற ஒவ்வோர் அடியும் கீழ் மட்டத்து அடியைவிட அதிகத் தண்ணீரைக் குறிக்கும்.

ஒரே வயலுக்கு எத்தனை அளவு

எங்கள் அப்பா ஒருநாளும் ஏக்கர் என்று சொன்னதில்லை. "மூணு மா கிடக்கு" என்பார். பட்டாவில் அதே வயல் ஹெக்டேர், ஏர் என்று எழுதியிருக்கும். நிலம் வாங்க வருகிறவர் சென்ட் கேட்பார். மனை போடுகிறவர் சதுர அடியில் பேசுவார். வயல் ஒன்றுதான், ஆனால் நால்வரும் நான்கு மொழி பேசுகிறார்கள்.

12 அடிக்கு 12 அடி கொண்ட சதுரம் ஒரு குழி. அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மாவுக்கு 14,400 சதுர அடி என்பதால் அது 33 சென்டுக்குச் சமம். மூன்று மா ஓர் ஏக்கர் என்று நாம் சொல்வது நல்ல கணக்குதான். ஏக்கர் 43,560 சதுர அடி, மூன்று மா 43,200 சதுர அடி, வித்தியாசம் 360 சதுர அடி மட்டுமே. உழவுக்குக் கூலி பேச இது போதும். பத்திரம் எழுதும்போது மட்டும் போதாது. மெட்ரிக் அளவில் மூன்று மா சுமார் 40 ஏர். பட்டாவில் "0 - 40.00" என்று இருந்தால் அதுதான் அப்பா சொன்ன மூணு மா. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. மா என்பது முதலில் நிலத்தின் பெயரா என்று பார்த்தால், அது ஒரு பின்னத்தின் பெயரும்கூட. தமிழ்க் கணக்கில் மா என்றால் இருபதில் ஒன்று, 1/20. வேலியில் இருபதில் ஒரு பங்குக்கு மா என்று பெயர் நின்றது அதனால்தான். காணி என்றால் எண்பதில் ஒன்று. இப்போது மாவையும் காணியையும் கூட்டுங்கள். 1/20 என்பது 4/80. அதோடு 1/80 சேர்ந்தால் 5/80, அதாவது 1/16. பதினாறில் ஒரு பங்குக்குத் தமிழில் என்ன பெயர்? மாகாணி! கூட்டல் கணக்கைப் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காணியில் பாதி அரைக்காணி, 1/160. அதிலும் பாதி முந்திரி, 1/320. அரைக்கால் என்றால் காலில் பாதி, 1/8. நம் பாட்டன் தலைமுறை திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இவற்றை வாய்ப்பாடாகவே சொல்லிப் பழகியது.

இந்தச் சின்னப் பின்னங்கள் வெறும் மனக்கணக்கு விளையாட்டுக்காக வந்தவை அல்ல. 1010-ல் குடமுழுக்கு கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் கோயிலுக்கு வரி செலுத்த வேண்டிய ஊர்களின் நிலங்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. இத்தனை வேலி என்பதோடு அங்கே நிற்பதில்லை. அதற்குக் கீழே மா, காணி, முந்திரிகை என்று போய், முந்திரிகைக்கும் கீழே பின்னத்தின் பின்னமாக இறங்குகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இதே மண்ணில் ஒருவர் அளவுகோலைப் பிடித்து அவ்வளவு நுணுக்கமாக அளந்திருக்கிறார் என்று நினைக்கும்போது, மா என்ற சொல்லைக் கைவிட மனம் வரவில்லை. அக்கா மகளிடமும் அதைத்தான் சொன்னேன். ஹெக்டேர் படி, ஆனால் மாவை மறக்காதே.

ஒரு எச்சரிக்கை. காணி போன்ற பெயர்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். தொண்டை மண்டலப் பக்கம் ஒரு காணி நிலம் என்றால் ஓர் ஏக்கரைத் தாண்டிவிடும். ஆகவே வெளியூர்க்காரரிடம் பேசும்போது சதுர அடியில் ஒருமுறை சொல்லி உறுதி செய்துகொள்வது நல்லது.

மூட்டை, சிப்பம், குவிண்டால், 17 சதவீதம்

"இந்த வருஷம் மாவுக்குப் பத்து மூட்டை" என்றால் டெல்டாவில் மூட்டைக்கு 60 கிலோ. சில மாவட்டங்களில் மூட்டை என்றால் 75 கிலோ. அரசு கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகத்தான் பிடிப்பார்கள். விலையையோ குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு அறிவிப்பார்கள். மாவுக்குப் பத்து மூட்டை என்பதை ஹெக்டேருக்கு மாற்றினால் ஏறக்குறைய நாலரை டன். அதிகாரிகள் தரும் விளைச்சல் கணக்கும் நம் வீட்டுக் கணக்கும் வேறு வேறு மாதிரி தெரிவதற்கு இந்த அளவு மாற்றம் ஒரு காரணம்.

படி, மரக்கால், கலம் எல்லாம் எடை அல்ல, கொள்ளளவு. எட்டு படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். மரக்காலுக்குக் குறுணி என்றும் பெயர். இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி ஒரு கலம்.

ஈரப்பதம் 17 சதவீதம் என்ற பேச்சு ஒவ்வோர் அறுவடையிலும் எழும். நூறு கிலோ நெல்லில் 17 கிலோ தண்ணீர், மீதி 83 கிலோ நெல்லின் திடப்பொருள் என்பதுதான் பொருள். அதற்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் வாங்க மாட்டார்கள், சில பருவங்களில் மத்திய அரசு தளர்வு கொடுக்கும். 22 சதவீத ஈரத்தோடு கொண்டுபோன 100 கிலோ நெல்லைக் காயவைத்து 17-க்குக் கொண்டுவந்தால் 94 கிலோதான் நிற்கும். ஆறு கிலோ குறைந்தது திருட்டு அல்ல, வெறும் தண்ணீர். ஆனால் ஐப்பசி மழையில் களம் நனைந்து கிடக்கும்போது அந்தத் தண்ணீரை எங்கே காயவைப்பது? ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே நிற்கிற பெண்களைப் பார்க்கிறவர்கள், 17 என்ற எண்ணுக்காகத்தான் அவர்கள் அந்த வெயிலில் நிற்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாலுகா ஆபீஸ் சொற்கள்

இந்தப் பகுதியில் அவள் நோட்டு நிரம்பி வழிந்தது. பெரும்பாலானவை அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்தவை. தஞ்சையை மராட்டியர் ஆண்டார்கள், ஆர்க்காட்டு நவாபின் கை இங்கே நீண்டிருந்தது, பின்னால் வந்த கிழக்கிந்தியக் கம்பெனியாரும் அதே வருவாய்ச் சொற்களை எடுத்துக்கொண்டார்கள். அதனால் அவை தங்கிவிட்டன.

தாசில் என்றால் வசூல். தாசில்தார், வசூல் பொறுப்பை வைத்திருப்பவர். மிராசு என்பது பரம்பரை உரிமை, அதை உடையவர் மிராசுதார். கிஸ்தி என்றால் தவணை. வரியைத் தவணையாகக் கட்டியதால் வரிக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. பசலி என்பது அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. முகலாய மன்னர் அக்பர் காலத்தில், வரி வாங்குவதை அறுவடையோடு பொருத்துவதற்காக ஏற்பட்ட ஆண்டுக்கணக்கு அது. பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். கண்டுபிடிப்பது எளிது. ஜூலையில் இருக்கிற ஆங்கில ஆண்டிலிருந்து 590 கழித்தால் போதும். 2025 ஜூலையில் பிறந்தது 1435-ஆம் பசலி. பசலி முடிகிற சமயத்தில் கிராமக் கணக்குகளைத் தாலுகா அளவில் வைத்துத் தணிக்கை செய்வது ஜமாபந்தி. வரவைத் தொகுத்து ஒழுங்கு கட்டுவது என்று பொருள். அன்று மனுவும் கொடுக்கலாம் என்பதால் நம் ஊரில் ஜமாபந்தி என்றாலே மனு கொடுக்கிற நாள் என்று ஆகிவிட்டது.

பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். மூன்றும் ஒன்றல்ல. பட்டா, நிலம் யார் பேரில் இருக்கிறது என்று அரசு தருகிற ஆவணம். சிட்டா, ஓர் ஆளை வைத்துப் பார்ப்பது. இவருக்கு இந்தக் கிராமத்தில் எங்கெங்கே எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை என்று காட்டும். அடங்கல், வயலையும் காலத்தையும் வைத்துப் பார்ப்பது. இந்தச் சர்வே எண்ணில் இந்தப் பசலியில் என்ன பயிர் நின்றது என்று காட்டும். வேறுபாடு தெரியாததால் என் பக்கத்து வயல்காரர் ஒருவர் பட்ட பாடு நினைவிருக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் கேட்டார்கள், அவர் சிட்டாவை எடுத்துக்கொண்டு போனார். கடைசித் தேதிக்கு முந்தைய நாள் அது. திரும்பி வந்து கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் பிடித்து வாங்குவதற்குள் மாலையாகிவிட்டது. மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் நின்றார். நிலம் உன்னுடையதா என்பதல்ல காப்பீட்டின் கேள்வி. அங்கே இப்போது நெல் நிற்கிறதா என்பது. அதற்குச் சிட்டா பதில் சொல்லாது.

கிராம நிர்வாக அலுவலர் என்ற பதவியும் பழையது அல்ல. பரம்பரையாகக் கணக்கு எழுதிய கர்ணம் பதவி 1980-ல் ஒழிக்கப்பட்ட பிறகு வந்தது. இன்று அந்த வேலைக்குத்தான் என் அக்கா மகள் குரூப் 4 எழுதுகிறாள். யார் வேண்டுமானாலும் படித்துத் தேர்வு எழுதி அந்த நாற்காலியில் உட்காரலாம் என்பது சின்ன மாற்றம் இல்லை.

நஞ்சை, புஞ்சை இரண்டும் நல்ல தமிழ். செய் என்றால் வயல். நல்ல செய் நன்செய், புல்லிய செய் புன்செய். புறம்போக்கு என்பது வரி விதிப்புக்குப் புறத்தே விடப்பட்ட பொது நிலம். ஆற்றங்கரை, குளம், மேய்ச்சல் தரை எல்லாம் அதில் அடங்கும். அதை வசைச் சொல்லாக்கியது எனக்கு வருத்தம். ஊருக்குப் பொதுவானதைக் குறித்த சொல் அது.

குத்தகைக்கும் வாரத்துக்கும் உள்ள வேறுபாடு: விளைந்தாலும் விளையாவிட்டாலும் இவ்வளவு என்று பேசிக்கொள்வது குத்தகை, விளைந்ததில் பங்கு பிரிப்பது வாரம். உழுகிறவர் பங்கு குடிவாரம், உடையவர் பங்கு மேல்வாரம். அந்தப் பங்கையும் பண்ணையாளின் பாதுகாப்பையும் பற்றி 1952-ல் தஞ்சைக்கென்றே தனிச் சட்டம் வந்தது என்றால், இங்கே அந்தச் சொற்களுக்கு இருந்த கனத்தைப் புரிந்துகொள்ளலாம்.

பருவமும் ரகமும்

குறுவை, பெயரிலேயே குறுகியது. ஜூனில் தொடங்கி மூன்றரை நான்கு மாதத்தில் முடிந்துவிடும். சம்பா நீண்ட பயிர், ஆவணி வாக்கில் தொடங்கிப் பொங்கலை ஒட்டி அறுவடைக்கு வரும். குறுவையை அறுத்த தாளின் அடிக்கட்டை வயலில் நிற்கும்போதே அதை மடக்கி உழுது இரண்டாம் பயிர் வைப்பது தாளடி. சம்பா என்ற சொல் பருவத்துக்கும் பெயர், சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா என்று நெல்லுக்கும் பெயர். இப்படிப்பட்ட பாரம்பரிய ரகங்களில் 170-க்கும் மேற்பட்டவற்றைத் தேடிச் சேர்த்தவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் ஜெயராமன்.

கடையில் விதை கேட்கும்போது ஏ.டி.டி. 43, ஏ.எஸ்.டி. 16, டி.பி.எஸ். 5 என்கிறோம். அந்த எழுத்துகள் ஊர்ப் பெயர்கள்! ஏ.டி.டி. என்பது ஆடுதுறை, 1922-ல் நெல் ஆராய்ச்சி தொடங்கிய நம் ஆடுதுறையேதான். ஏ.எஸ்.டி. அம்பாசமுத்திரம், டி.பி.எஸ். திருப்பதிசாரம், கோ 51-ல் உள்ள கோ கோயம்புத்தூர். இதைக் கேட்டபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியாது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ரயில் நின்று போகிற ஊர், விதைப் பையில் எண்ணோடு அச்சாகி எங்கெங்கோ போகிறது.

ஊர்ப் பெயர் பொருளின் தரத்துக்கு அடையாளமாக நிற்பதைச் சட்டம் காப்பதுதான் புவிசார் குறியீடு. 1999-ல் இயற்றிய சட்டம், பதிவகம் சென்னையில் இருக்கிறது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, சுவாமிமலைச் செப்புத் திருமேனி, தஞ்சாவூர் வீணை எல்லாம் அதைப் பெற்றவை. தனி ஒரு கம்பெனிக்குச் சொந்தமில்லை, அந்த வட்டாரத்தில் முறைப்படி செய்கிற எல்லோருக்கும் பொது. வேறு ஊரில் வார்த்த விளக்கை நாச்சியார்கோவில் விளக்கு என்று விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஐப்பசி கார்த்திகையில் தேவைப்படும் சொற்கள்

வானிலைச் செய்தியில் கனமழை என்பதும் மிகக் கனமழை என்பதும் வாய்க்கு வந்தபடி சொல்வதில்லை. 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ.யிலிருந்து 11.55 செ.மீ. வரை கனமழை. அதற்கு மேல் 20.44 வரை மிகக் கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். பத்து செ.மீ. மழை ஒரு மா வயலில் கொட்டுகிற தண்ணீர் 1,33,000 லிட்டருக்கு மேல். 6,000 லிட்டர் டேங்கர் லாரி 22 வந்து கவிழ்த்த மாதிரி. வடிகால் அடைத்துக் கிடந்தால் அந்த 22 லாரித் தண்ணீரும் பயிரின் மேலேயே நிற்கும்.

காற்றின் வேகத்தை வைத்தே தாழ்வு மண்டலம், புயல் என்று பிரிக்கிறார்கள். மணிக்கு 31 கி.மீ. எட்டினால் தாழ்வு மண்டலம், 50 எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 எட்டினால்தான் புயல். பெயர் வைப்பது அப்போதுதான். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது அதைவிட மிகக் கடுமையாக. மஞ்சள் எச்சரிக்கை கவனித்துக்கொண்டிருக்கச் சொல்வது, ஆரஞ்சு தயாராக இருக்கச் சொல்வது, சிவப்பு உடனே செயலில் இறங்கச் சொல்வது. நாகைத் துறைமுகத்தில் ஏற்றுகிற கூண்டு எண்கள் 1 முதல் 11 வரை. 11 என்றால் புயலின் வேகம் உச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இங்கே ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள்.

ஆற்றிலிருந்து கடைமடைக்கு

டெல்டா என்பது கிரேக்க எழுத்து ஒன்றின் பெயர். முக்கோணமாக இருக்கும். ஆறு கடலை நெருங்கும்போது பல கிளையாகப் பிரிந்து வண்டலை விரித்துப் போட்ட நிலத்துக்கு அந்தப் பெயர் வந்தது. நம் முக்கோணத்தின் மேல் முனை கல்லணை. ஒரு கோடு கொள்ளிடம் வழியாகப் பழையாறு பக்கம் கடலுக்குப் போகிறது, இன்னொரு முனை கோடியக்கரை. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-ல் நாகப்பட்டினமும், 1997-ல் திருவாரூரும், நாகையிலிருந்து 2020-ல் மயிலாடுதுறையும் பிரிந்த பிறகு, எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல டெல்டா மாவட்டங்கள் என்ற பெயர் நிலைத்தது.

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவார்கள். கல்லணையை ஆங்கிலேயர் கிராண்ட் அனிகட் என்றார்கள். அனிகட் என்பது ஆங்கிலம் அல்ல, நம் அணைக்கட்டுதான் அங்கே போய்த் திரும்பி வந்திருக்கிறது. தடுப்பணைக்குக் கதவு கிடையாது, நிரம்பினால் மேலே வழிந்து ஓடும். கதவணைக்குக் கதவு உண்டு, கரூர்ப் பக்கம் மாயனூரில் இருப்பது அந்த வகை. கதவை ஏற்றி இறக்குகிற ஊழியரை லஸ்கர் என்கிறோம். பாரசீகத்தில் லஷ்கர் என்றால் படை. படைக்குச் சொன்ன சொல் படையாளுக்கு வந்து, அப்புறம் ஷட்டர் சாவியோடு ஆற்றங்கரையில் நடக்கிற மனிதருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. குடிமராமத்தில் குடி தமிழ், மராமத்து பாரசீக வழியில் வந்தது. மக்களே சேர்ந்து பழுது பார்ப்பது. 2017-ல் அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தை மறுபடி தொடங்கியது.

ஆற்றிலிருந்து பிரிவது ஏ வாய்க்கால், அதிலிருந்து பி, அப்புறம் சி, டி. "சி, டி வாய்க்கால்கள் தூர்வாரப்படவில்லை" என்று விவசாயிகள் குறை சொல்லும் செய்தியைப் படித்தால், ஆறு சுத்தமாக இருக்கிறது, வயலுக்குள் நுழைகிற கடைசிச் சிறு வாய்க்கால்தான் புல்லும் மண்ணுமாக அடைந்து கிடக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். இப்படி ஓர் அணையோ ஆறோ நீர் கொடுக்கிற மொத்தப் பரப்பு ஆயக்கட்டு. அதில் முதலில் தண்ணீர் காண்கிற இடம் தலைமடை, கடைசியில் காண்கிற இடம் கடைமடை. தலைஞாயிறும் வேதாரண்யமும் சீர்காழிக்குக் கிழக்கே உள்ள ஊர்களும் கடைமடை. மடை என்றால் தண்ணீர் உள்ளே வரும் வாய்.

ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் கல்லணையைத் திறக்க மூன்று நான்கு நாளாகும். அங்கே பூவும் நெல்மணியும் தூவி வரவேற்கிற படம் மறுநாள் பேப்பரில் வரும். நான் பிறந்த ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. அந்தப் படம் வந்த அன்று எங்கள் வாய்க்காலில் வெடிப்புதான் இருக்கும். அதற்கப்புறம் எத்தனை நாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முறை வைத்து விடுகிறார்களா, மேலே எங்காவது உடைப்பா என்று அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் தலைப்பு வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். நாங்கள் பிள்ளைகள் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் காய்ந்த வாய்க்காலில் முதலில் ஒரு சலசலப்பு கேட்கும். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. வைக்கோல், மூங்கில் சருகு, நுரை எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு ஒரு பழுப்புக் கோடு மெல்ல நகர்ந்து வரும். ஒவ்வொரு வெடிப்பிலும் நின்று, அதை நிரப்பிவிட்டு, மறுபடி நகரும். நாங்கள் அதற்கு முன்னால் கரையிலேயே ஓடி வீட்டுக்குப் போய்ச் சொல்வோம். அம்மா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு நேரே விதைநெல் கோட்டையை இறக்கப் போவாள்.